காத்திருந்தால் கழியும் மதிப்பெண்

தொழில் தெரிந்த வெளிநாட்டாரைக் கனடா சர்க்கார் 2015 முதல் மதிப்பெண் போட்டுப் பொறுக்கி அழைக்கிறது. அழைப்பு வந்தால்தான் குடியேற விண்ணப்பிக்கலாம்.

2021 பிப்ரவரி 13-இல் 75 மதிப்பெண் போதுமென்று 27,332 பேரை ஒரே நாளில் அழைத்தது. கொரோனா எல்லையை அடைத்திருந்த நேரம். அங்கேயே உழைத்துக்கொண்டிருந்தவர்களை விட மனமில்லை! 2022 ஜூலை 6-இல் 557 கேட்டது. 2023 ஆகஸ்டில் தச்சர், வெல்டர் போன்றோரைத் தனியே அழைத்தபோது 388 போதுமென்றது. தொழிலாளியின் கைத்திறனா ஏறி இறங்கிற்று? முதலாளிகளின் ஆள் தேவை ஏறி இறங்கிற்று.

அழைப்பு வராதவன் கதி? பதிவு ஓராண்டே செல்லும், மறுபடி பதியலாம். வயது திரும்புமா? 20 முதல் 29 வரை வயதுக்கு முழு மதிப்பெண். 30 முதல் ஆண்டுக்கு ஐந்தாறு, 40 தாண்டினால் பத்துப் பதினொன்று என்று கழித்து, 45-இல் பூஜ்யம் போடுகிறார்கள். காக்க வைத்தவர்கள் அவர்கள். பதிந்த நாளின் வயதையே கணக்கில் கொள்ளட்டும் என்கிறோம் நாம்.