பெரியவர் சொன்னால் போதுமா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் நல்லதொரு வழக்கம் உண்டு. துணியின் கனம் இன்னதென்று முதலாளியே சொன்னாலும் அது முடிவாகாது. 100 சதுர சென்டிமீட்டர் துணியை வட்டமாக வெட்டித் தராசில் வைக்கிறார்கள். 1.8 கிராம் நின்றால் அது 180 ஜி.எஸ்.எம். துணி. அதற்குமேல் பேச்சில்லை. துணிக்குக் கிடைக்கும் இந்த நியாயம் மனிதர் சொல்லும் கருத்துக்கும் கிடைக்க வேண்டாமா?

சந்திரசேகரின் கதை இதற்குத் தக்க சான்று. ஸர் சி. வி. ராமனின் அண்ணன் மகனான அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1930-ல், 19-ஆம் வயதில், சர்க்கார் உபகாரச் சம்பளம் பெற்று இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். எரிந்து அடங்கும் நட்சத்திரங்களின் கதி என்ன என்று கப்பலிலேயே கணக்குப் போடத் தொடங்கினார்; பின்னர் கேம்பிரிட்ஜில் அதைச் செம்மைப்படுத்தினார். அவ்விதம் அடங்கும் நட்சத்திரத்தின் எடை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேற்பட்டால், அது சுருங்கிக்கொண்டே போகும் என்பது அவர் கண்ட முடிவு.

1935 ஜனவரி 11-ந் தேதி லண்டன் ராயல் வானவியல் சங்கத்தில் அவர் இதை எடுத்துரைத்தார். உடனே எழுந்தார் உலகப் புகழ் பெற்ற எடிங்டன். நட்சத்திரம் இப்படி நடக்காமல் தடுக்க இயற்கையில் ஒரு சட்டம் இருக்கத்தான் வேண்டும் என்று பரிகசித்தார். சபை சிரித்தது. போர், பாலி போன்ற மேதைகள் தனிமையில் இளைஞர் பக்கம் பேசினர். சபையறியச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை.

சந்திரசேகர் மனம் கசந்துவிடவில்லை. 1937-ல் சிகாகோ சர்வகலாசாலையில் சேர்ந்து உழைத்தார். 1953-ல் அமெரிக்கப் பிரஜையானார். 1944-ல் எடிங்டன் காலமானபோது அவரைப் போற்றியே பேசினார். நோபல் பரிசு வந்தது 1983-ல். லண்டன் சபை சிரித்து 48 ஆண்டுகள் கழிந்திருந்தன!

பரிசு பெற்றவர் சொல்லெல்லாம் வேதமாகிவிடுமா? அதுவும் இல்லை. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஐவர் கியேவர், மீகடத்திகளைப் பற்றிய அரிய சோதனைக்காக 1973-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அந்தப் புகழ் நியாயமானது. பூமி வெப்பமடைவது மறுக்க முடியாதது என்ற அறிக்கையை எதிர்த்து, 2011-ல் அமெரிக்க பௌதிகச் சங்கத்தைவிட்டு விலகினார். ஆனால் அந்த விஷயத்தை அரை நாளோ ஒரு நாளோ இணையத்தில் தேடிப் படித்ததாக 2012-ல் அவரே சொன்னார். ஆயுள் முழுதும் அதையே அளந்து வருவோரின் உழைப்புக்கு அது ஈடாகுமா?

அதே 2011 ஜனவரியில்தான் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊருக்குப் பிழைப்புத் தந்த தொழில் அது. ஆனால் நொய்யல் நீரில் உப்பு எவ்வளவு என்று கேட்டால், தொழிலதிபரின் செல்வாக்கும் பதில் அல்ல. எதிர்ப்பவரின் உரத்த குரலும் பதில் அல்ல. நீரை எடுத்துச் சோதிப்பதே பதில்.

பெரியோரை மதிப்போம், எழுந்து நின்று வணங்குவோம். ஆனால் அவர் சொல்லையும் ஒருமுறை தராசில் வைப்போம். சிறியவன் சொல்லுக்கும் அதே தராசுதான்.