பெத்தாவும் பேரனும் ஒரே வளவில்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பழைய வழக்கமொன்று உண்டு. மணமானதும் பெண் மாமியார் வீடு செல்வதில்லை. மாப்பிள்ளையே பெண் வீட்டுக்கு வருகின்றான். வீடு மகளுக்குச் சீதனமாகிவிடப் பெற்றோர் அதே வளவிலோ அயலிலோ சிறு குடிலொன்று அமைத்து ஒதுங்குவர். ஆதலால், தவழத் தொடங்கிய குழந்தை வீட்டுப் படியைத் தாண்டினால் முதலிற் சென்றடைவது பெத்தாவின் மடியைத்தான். முதியோர் இல்லமென்றும் குழந்தைகள் காப்பகமென்றும் இரண்டு பெயர்கள் அன்று எவருக்கும் தேவைப்படவில்லை.

இன்று வளவுகள் துண்டாகின்றன. இளந் தாய்மார் பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் செல்கின்றனர். ஒரு வீட்டில் மூன்று பேரப்பிள்ளைகளின் பாரமும் ஒரு கிழவியின் தலையில். அடுத்த வீட்டிலோ பிள்ளைகளெல்லாரும் கடல் கடந்துவிட, பேசுதற்கு ஆளில்லாக் கிழவி. 2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், கைவிடப்பட்ட பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோர வழி செய்திருக்கின்றது. நல்லதே. ஆனால் சட்டம் அரிசிக்குப் பணம் வாங்கித் தரும். மழலையை வாங்கித் தருமா?

யப்பானியர் இதற்கொரு வழி கண்டனர். தோக்கியோவில் 1962இல் முதியோர் இல்லமாகத் தொடங்கிய 'கோத்தோயென்', 1976இல் குழந்தைகள் காப்பகமொன்றையும் நிறுவி, 1987இல் இரண்டையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்தது. காலையில் முதியோரும் சிறுவரும் கூடி உடற்பயிற்சி செய்கின்றனர். அமெரிக்காவின் சியாற்றில் நகரிலும் 1991 முதல் முதியோர் இல்லமொன்றினுள்ளே குழந்தைகள் நிலையம் நடைபெறுகின்றது.

கூரை ஒன்றானால் மாத்திரம் போதுமென்று நாம் கருதவில்லை. தடிமனும் காய்ச்சலுமுள்ள குழந்தையை அன்று முதியோரிடம் விடலாகாது. அமைதி வேண்டும் முதியவருக்குச் சாத்திக்கொள்ளக் கதவொன்று வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, முதியோரைச் சம்பளமில்லா ஆயாக்களாக்குதல் தகாது. அந்தப் பாரத்தை எத்தனையோ பெத்தாமார் ஏற்கெனவே சுமக்கின்றனர். பொறுப்பு பயிற்சி பெற்ற ஆசிரியையுடையது. பெத்தா விரும்பினாற் கதை சொல்லட்டும், பன்பாய் இழைத்துக் காட்டட்டும். விரும்பாவிடின் சும்மா அமர்ந்து பார்த்திருக்கட்டும்.

மாளிகை எழுப்ப வேண்டுவதில்லை. நம் கிராமங்களின் முன்பள்ளிகள் பெரும்பாலும் நண்பகலோடு பூட்டப்படுகின்றன. அவற்றின் அருகே காற்றோட்டமான விறாந்தையொன்று, முதியோர் வழுக்காமற் செல்லத்தக்க மலகூடமொன்று, மதிய உணவு சமைக்க ஓர் அடுக்களை. தனித்திருக்கும் கிழவர் கிழவியர் காலையில் வந்து மாலையில் தத்தம் வீடு திரும்பலாம். முன்பள்ளியை நடத்தும் கிராமச் சங்கங்கள் அடுத்த கூட்டத்திலேயே இதனைப் பேசத் தொடங்கலாமே.