அரிஸ்டாட்டில் மீது சுமத்தப்படும் பழி

நற்கருணையில் அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்னும் உட்பொருள் மாற்றக் கோட்பாட்டை அரிஸ்டாட்டிலின் பிள்ளை என்று எழுதிவிடுவது ஆய்வுலகில் வழக்கமாகிவிட்டது. காலவரிசையே இதற்கு இடந்தரவில்லை. நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் 1215-இல் அச்சொல்லை ஆண்டபோது தாமஸ் அக்குவினாஸ் பிறக்கவே இல்லை. பின்னர் அவர் அரிஸ்டாட்டிலின் கலைச்சொற்களை எடுத்தாண்டது உண்மை, கருத்தையோ தலைகீழாக்கினார். தாங்கும் பொருளின்றிப் பண்புகள் நில்லா என்பது அரிஸ்டாட்டிலின் நிலை; அப்பத்தின் உட்பொருள் நீங்கிய பின்னும் நிறமும் சுவையும் நிலைக்கும் என்பது அக்குவினாஸின் நிலை. 1551-இல் திரெந்து பொதுச்சங்கமும் ‘பண்புகள்’ என்னாது ‘தோற்றங்கள்’ என்றே வரையறுத்தது.

கோட்பாட்டை மறுப்பவர் தாராளமாக மறுக்கலாம். ஆனால் 1520-இல் அதனைக் கடுமையாகச் சாடிய லூதரே, அக்குவினாஸ் அரிஸ்டாட்டிலோடு ஒத்துப்போகவில்லை என்பதைச் சுட்டிக்காட்டினார். எதிரி கண்ட முரணை ஆய்வாளர் காணாதிருப்பது எவ்வகை நடுநிலை?