தாய் மொழி

பாங்காக் வந்த முதல் வாரமே எனக்கு ஊர் பிடித்துப் போய்விட்டது. காரணம், நீங்கள் நினைத்துக்கொண்டு சிரிப்பது அல்ல. லிஃப்ட்டில் செக்யூரிட்டி, ஆபீஸில் ரிசப்ஷன் பெண், தெருமுனையில் பழம் நறுக்குகிறவர் எல்லோரும் என்னைப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "கின் காவ் ரூ யாங்?"

அர்த்தம் விசாரித்தேன். "சோறு சாப்பிட்டாச்சா?"

அட, நம்ம ஊர்! கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விடுவதில்கூட நம்ம ஊர்தான்.

அந்தச் சந்தோஷத்தில் பாஷை கற்றுக்கொள்ளக் கிளம்பினேன். அங்கேதான் பிடித்தது சனி. தாய் மொழியில் ஐந்து ஸ்வரம். 'மா' என்று சமமாகச் சொன்னால் 'வா'. கொஞ்சம் உசத்திச் சொன்னால் குதிரை. கீழே இறங்கி மேலே ஏறினால் நாய். "மீட்டிங்குக்கு வாங்க சார்" என்று மேனேஜரைக் கூப்பிட்டபோது நான் எந்த மிருகத்தைக் கூப்பிட்டேன் என்று இன்று வரை ஆபீஸில் யாரும் சொல்லவில்லை. அவ்வளவு மரியாதை. செல்போனில் மட்டும் 555 என்று அனுப்பிக்கொண்டார்கள். தாய் மொழியில் ஐந்துக்கு 'ஹா'. மூன்று ஐந்து என்றால் என்ன சத்தம் வருகிறது, நீங்களே சொல்லிப் பாருங்கள்.

என் மகளுக்கு இந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. மூன்று வயதில் வந்தவள். இன்டர்நேஷனல் ஸ்கூல் ஃபீஸைக் கேட்டதும் எனக்கு லேசாகத் தலை சுற்றியதால், சாதாரண தாய் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அப்ளிகேஷனில் பிறந்த வருஷம் 2560 என்று எழுதச் சொன்னார்கள். இங்கே புத்தர் கணக்கு, நம் வருஷத்தோடு 543 கூட்ட வேண்டும். ஊரில் என் அம்மா இதைக் கேட்டுவிட்டு, "அப்ப அவளுக்குக் கல்யாணம் பண்ண இன்னும் ஐந்நூறு வருஷம் டைம் இருக்குடா" என்றாள்.

அடுத்து டீச்சர், "குழந்தையோட விளையாட்டுப் பேர் என்ன?" என்று கேட்டார். தாய்க்காரர்கள் எல்லோருக்கும் இரண்டு பேர். முழு நீளப் பேர் சர்ட்டிபிகேட்டுக்கு. புழங்குவதற்கு ஒரு சின்னப் பேர். அதில் வஞ்சனையே கிடையாது. மகள் வகுப்பில் ஒருவன் பன்றி, ஒருத்தி தவளை, ஒருவன் பென்ஸ். பன்றியின் அப்பா பேங்க்கில் பெரிய ஆபீஸர். எங்களிடம் சின்னப் பேர் கைவசம் இல்லாததால் டீச்சரே ஒன்று வைத்தார்: 'நாம்வான்'. தித்திப்புத் தண்ணீர். ஆக, குலதெய்வத்தின் பெயரை வைத்த என் மகள், பாங்காக்கில் சர்பத்!

'தாய்' என்று தமிழில் முதலில் எழுதியவர் யாரோ, குறும்புக்காரர். எங்கள் வீட்டில் தினமும் சண்டை அதனால்தான்.

"குழந்தைக்குத் தாய்மொழியே வரலைங்க" என்பாள் மனைவி.

"வருதேம்மா, தாய் மொழி பிரமாதமா வருதே" என்பேன். தோசைக்கரண்டி பறக்கும்.

எங்கள் அடுக்குமாடி வாசலில் ஓர் அம்மாள் சொம்தாம் கடை போட்டிருக்கிறார். பப்பாளிக்காயைச் சீவி, மிளகாய், பூண்டு, எலுமிச்சை, வேர்க்கடலை போட்டு மண் உரலில் மர உலக்கையால் டொக் டொக்கென்று இடித்துத் தருகிற அயிட்டம். தாய்லாந்தின் வடகிழக்கே ஈசான் என்று ஒரு பிரதேசம். மழையை நம்பிய வயல், பிழைப்புக்குப் பாங்காக். நம் ஊர்க் கணக்கில் ராமநாதபுரத்திலிருந்து சென்னை. அங்கேயிருந்து வந்தவர். சொம்தாமில் மீன் சாறு ஊற்றாவிட்டால் அது சொம்தாமே இல்லை என்பது அவர்கள் கட்சி. நாங்களோ சைவம். ஒரு வாரம் பார்த்தார். எட்டாம் நாள் எங்களுக்கென்று தனியாக ஒரு சின்ன உரல் வாங்கி வைத்துவிட்டார்.

அவரை மகள் 'பா' என்று கூப்பிடுவாள். தாய் மொழியில் 'பா' என்றால் பெரியம்மா. இங்கேயும் யாரையும் வெறும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை; அண்ணன், அக்கா, தம்பி, சித்தி என்று உறவு வைத்துத்தான். ஆனால் தமிழில் 'ப்பா' நான். வாசலில் நின்று அவள் "பா!" என்று கத்தினால் நானும் திரும்புவேன், உலக்கையோடு அந்த அம்மாளும் திரும்புவார். முக்கால்வாசி நேரம் கூப்பிட்டது அவரைத்தான்.

2024 ஜூன் மாதம், கும்பகோணத்தில் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். மனைவி அன்று ராத்திரியே ஃப்ளைட் ஏறினாள். "ரெண்டு வாரத்துல வந்துடறேன்" என்றாள். இடுப்பெலும்புக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது. ஜூலையும் போனது.

மூன்றரை மணிக்குப் பள்ளி வேன் மகளை வாசலில் இறக்கும். நான் ஆபீஸிலிருந்து வர ஆறரை ஆகும். அந்த மூன்று மணி நேரமும் அவள் 'பா'வின் கடையில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதினாள். காசு கொடுத்துப் பார்த்தேன். "மை பென் ராய்" என்றார். 'பரவாயில்லை' என்று அர்த்தம். இந்த நாடே அந்த மூன்று வார்த்தையில்தான் ஓடுகிறது. பஸ் லேட்டா, கால் மிதிபட்டதா, கல்யாணம் நின்றதா... மை பென் ராய்.

ஆகஸ்ட் முதல் வாரம் பள்ளியிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. இங்கே அன்னையர் தினம் ஆகஸ்ட் 12. 2025 அக்டோபரில் மறைந்த சிரிகிட் மகாராணியின் பிறந்தநாள் அது; 1976லிருந்து அன்றுதான் கொண்டாட்டம். அன்று லீவு என்பதால் பள்ளியில் ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமையே விழா. ஹாலில் வரிசையாக நாற்காலி. அம்மாக்கள் உட்கார வேண்டும். குழந்தைகள் மண்டியிட்டு மல்லிகைச் சரம் கொடுத்து, மடியில் தலை வைத்துக் கும்பிட வேண்டும்.

"அப்பா வரேன் கண்ணு. லீவு போட்டுடறேன்" என்றேன்.

மகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ அம்மா இல்லையேப்பா. பா வரட்டும்."

எத்தனை பா என்று எண்ணிக்கொண்டே இரண்டு நிமிஷம் பேசாமல் இருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்குக் கோபம் வந்தது. சம்பாதிக்கிறது நான், ரெட்டைப் பின்னல் போடக் கற்றுக்கொண்டது நான், நாற்காலி மட்டும் சொம்தாம் கடைக்கா? அதற்கும் மேலே பயம். மாமியாருக்குப் படுக்கையில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிறவளிடம், 'உன் இடத்தில் இன்னொருத்தர் உட்காரப் போகிறார்' என்று எந்த வாயால் சொல்வது?

சாயங்காலம் சும்மா பேச்சுக்கு அவரிடம் கேட்டு வைத்தேன். உலக்கை நின்றது. "வேண்டாம் நாம்வான் அப்பா. மை பென் ராய்" என்றார். அப்பாடா என்று படியேறினேன். அவருக்கு இஷ்டமில்லை, நம் மேல் தப்பில்லை, ஃபைல் குளோஸ்.

இந்த ஊரில் 'க்ரெங்ஜாய்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அடுத்தவருக்கு நம்மால் சங்கடம் வந்துவிடக் கூடாதே என்று நெஞ்சுக்குள் கூசுவது. ஆசையாக இருந்தாலும் 'வேண்டாம்' என்று சொல்ல வைப்பது. இத்தனை வருஷம் இருந்தும் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியுமே தவிர, ஆளை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

மறுநாள் கடையில் கூட்டமில்லை. அவராகவே ஆரம்பித்தார். அவருக்கு ஒரு பையன். கைக்குழந்தையாக இருக்கும்போதே ரோய் எட்டில் பாட்டியிடம் விட்டுவிட்டு இங்கே வந்தாராம். ஈசானில் பாதிக் கிராமங்களில் இதுதான் கதை: பேரப்பிள்ளைகள் பாட்டியிடம், பெற்றவர்கள் பாங்காக்கில். ஒவ்வோர் ஆகஸ்டும் பையன் பாட்டி மடியில் பூ வைத்துக் கும்பிட்டான். இவர் இங்கே பப்பாளிக்காய் இடித்துப் பணம் அனுப்பினார். பையனுக்கு இப்போது இருபத்திரண்டு. ரயோங்கில் ஃபேக்டரி வேலை.

"அந்த நாற்காலியில நான் உட்கார்ந்ததே இல்லை. இப்ப உட்கார்ந்தா, என் பையனுக்குச் செய்யாததை வேற குழந்தைகிட்ட வாங்கிக்கற மாதிரி இருக்கும். உங்க வீட்டம்மாவுக்கும் மனசு கஷ்டப்படும்."

சொல்லிவிட்டு, சின்ன உரலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அன்று ராத்திரி மனைவிக்கு போன் போட்டேன். வார்த்தைகளை ரிகர்சல் எல்லாம் பார்த்து வைத்திருந்தேன். எதுவும் உதவவில்லை, உளறிக் கொட்டினேன். எதிர்முனையில் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"பாப்பா அவங்களை அம்மான்னா கூப்பிடறா?"

"இல்லம்மா. பா-ன்னுதான்."

மறுபடி மௌனம். மின்விசிறிச் சத்தமும் மாமியாரின் இருமலும் கேட்டன.

"கீழ போய் அவங்ககிட்ட போனைக் குடுங்க."

ஒருத்திக்குத் தாய் மொழி தெரியாது. இன்னொருவருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் ஏழு வயது மொழிபெயர்ப்பாளர். நான் பக்கத்தில் நின்றால் மூன்று பேருமே பேச்சை நிறுத்தினார்கள். தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தேன். இருபத்தைந்து நிமிஷம். திரும்பி வந்தபோது 'பா' முந்தானை இல்லாத குறைக்கு ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் ஸ்டூலில் உட்கார்ந்து ஐஸ்க்ரீம் சாப்பிட்டாள்.

"என்னடி பேசினாங்க?"

"அது உனக்கில்லப்பா."

வெள்ளிக்கிழமை நான் பளிச்சென்று மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஹால் முழுக்க இளநீலம். மகாராணி பிறந்தது வெள்ளிக்கிழமை, கிழமைக்கு ஒரு நிறம் என்பது இவர்கள் வழக்கம், வெள்ளிக்கு நீலம். நீலக் கடலில் நான் மட்டும் எலுமிச்சம்பழம். 'பா' இளநீலச் சட்டை போட்டு, முகத்தில் பவுடர் அப்பி, கடைசி வரிசை நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தார். கையில் என் செல்போன். அதற்குள் வீடியோவில் என் மனைவி. நம் ஊரில் அப்போது காலை ஏழரை. மாமியாருக்குக் காபி கொடுத்துவிட்டு, நீலப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். நிறம் நீலம் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை!

'கா நாம் நோம்' என்று ஒரு பாட்டுப் போட்டார்கள். தாய்ப்பாலின் மதிப்பு என்று அர்த்தம். முதல் வரிக்கே பாதி ஹால் மூக்கை உறிஞ்சியது. பன்றி அழுதான், தவளை அழுதாள், பென்ஸ் ஸ்டார்ட் ஆகாமல் விக்கி விக்கி அழுதான். என் மகள் கையில் இரண்டு சரம். ஒன்றை 'பா'வின் கையில் வைத்தாள். இன்னொன்றை போன் மேல் சுற்றினாள். மடியில் தலை வைத்துக் கும்பிட்டாள். 'பா' குனிந்து அவளைக் கட்டிக்கொண்டார். அந்தக் கட்டில் போனும் நசுங்கியது. என் மனைவிக்கு அங்கே தெரிந்ததெல்லாம் மல்லிகைப் பூவும் மகளின் உச்சந்தலையும் மட்டும்தான்.

சாயங்காலம் பேசும்போது அவள் குரல் கரகரத்திருந்தது. "பார்த்தியாம்மா?" என்றேன்.

"பார்த்தேன். வகிடு கோணலா எடுத்திருக்கீங்க" என்றாள்.

அப்புறம் ரொம்ப நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை. அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

பன்னிரண்டாம் தேதி கீழே டொக் டொக் சத்தம் கேட்கவில்லை. நாங்கள் குடிவந்ததிலிருந்து அந்தக் கடை மூடி நான் பார்த்ததில்லை. பதறிப்போய் மகளை எழுப்பினேன்.

"வெள்ளிக்கிழமை போட்டோவை பா அவங்க அண்ணாவுக்கு அனுப்பினாங்கப்பா. அந்த அண்ணா 555னு அனுப்பினாங்க. அப்புறம் நேத்து ராத்திரி பஸ்ல வந்துட்டாங்க" என்றாள் தூக்கக் கலக்கத்தில். "பூ வாங்கிட்டு."

செப்டம்பரில் மாமியார் வாக்கர் பிடித்து நடந்தார். மனைவி திரும்பி வந்தாள். இங்கே இந்தியர்களுக்கு 'கேக்' என்று பேர். விருந்தாளி என்றும் அதற்கு அர்த்தம் உண்டு. சூட்கேஸோடு வாசலில் இறங்கியவள், வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்குப் போய் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார் 'பா', தமிழில். மகள் ரகசியமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். சின்ன உரல் இடிபட்டது.

2025 ஆகஸ்டிலும் நோட்டீஸ் வந்தது. ஒரு குழந்தைக்கு ஒரு நாற்காலி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. என் மகள் டீச்சரிடம் போய் இரண்டு கேட்டாள்.

டீச்சர் என்ன சொன்னார் என்று உங்களுக்கே தெரியும். மை பென் ராய்.