முதல் இலை அவளுக்கு!

கர்ப்பிணிப் பெண்ணுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். என்ன சாப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுக்கிறார்.

சோற்றைக் குறைக்க வேண்டும். காய், கீரை, பருப்பு, முட்டை சேர்க்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும்.

அந்தத் தாள் வீட்டுக்கு வருகிறது. பிறகு என்ன நடக்கிறது?

மாமனார் சாப்பிடுகிறார். கணவன் சாப்பிடுகிறான். கொழுந்தன் சாப்பிடுகிறான். பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மணி மூன்று அடிக்கும்போது அவள் தட்டை எடுக்கிறாள்.

பொரியல் தீர்ந்துவிட்டது. முட்டை தீர்ந்துவிட்டது. குழம்பு அடிச்சட்டியில் கிடக்கிறது. சோறு மட்டும் பானையில் மிஞ்சி இருக்கிறது.

அவள் சோற்றைத்தான் சாப்பிடுவாள். வேறு என்ன செய்வாள்?

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனால் சர்க்கரை ஏறி இருக்கிறது. "நீ வாயைக் கட்டவில்லை" என்று வீடே அவளைக் குறை சொல்கிறது.

இது நியாயமா?

கர்ப்பிணியின் சர்க்கரையை டாக்டர் மட்டும் குறைத்துவிட முடியாது. அவள் மட்டும் குறைத்துவிட முடியாது. அந்த வீட்டில் சோற்றுக் கரண்டி யார் கையில் இருக்கிறதோ, அவரும் சேர வேண்டும். அந்த வீட்டில் யார் முதலில் சாப்பிடுகிறார்களோ, அவர்களும் சேர வேண்டும்.

அவள் குற்றம் அல்ல

"இனிப்பாகத் தின்றாள். அதனால் வந்தது" என்று சிலர் சொல்லுகிறார்கள். அப்படி அல்ல.

நாம் சாப்பிடும் சோறு, இட்லி எல்லாம் வயிற்றில் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரையை உடம்பு பயன்படுத்திக்கொள்ள இன்சுலின் என்ற சுரப்பு நீர் வேண்டும். கணையம் அதைச் சுரக்கிறது.

கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடியில் வேறு சில சுரப்பு நீர்கள் ஊறுகின்றன. பிள்ளை வளர அவை தேவை. ஆனால் அவை இன்சுலினின் வேலைக்குத் தடையாகவும் இருக்கின்றன. கணையம் அதிகமாகச் சுரந்து ஈடு கட்ட வேண்டும். ஈடு கட்ட முடியாவிட்டால், ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. இதுதான் கர்ப்ப கால நீரிழிவு.

தாய் தகப்பனுக்கு நீரிழிவு இருந்தால் வர வாய்ப்பு அதிகம். உடம்பு எடை கூடி இருந்தாலும் அதிகம். இவை எதுவும் இல்லாத பெண்ணுக்கும் வரலாம்.

"இது பட்டணத்துக்காரர்களின் வியாதி" என்பதும் சரி அல்ல. தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வு 2008-ல் வெளியாயிற்று. நகரத்தில் 100 கர்ப்பிணிகளில் சுமார் 18 பேருக்கு இது இருந்தது. சிற்றூர்களை ஒட்டிய சிறு நகரங்களில் சுமார் 14 பேருக்கு. கிராமத்தில் சுமார் 10 பேருக்கு.

கிராமத்திலும் பத்தில் ஒருத்தி! அவள் நம் வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம்.

பிள்ளைக்கு என்ன ஆகும்?

தாயின் ரத்தத்தில் உள்ள சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. ஆகவே வந்து சேரும் சர்க்கரையைச் சமாளிக்கப் பிள்ளையே அதிகமாக இன்சுலின் சுரக்கிறது. பிள்ளை அளவுக்கு மீறிக் கொழுக்கிறது.

"கொழு கொழு என்று பிள்ளை" என்று நாம் சந்தோஷப்படுகிறோம். ஆனால் பிரசவத்தில் அந்தப் பிள்ளையின் தோள் சிக்கிக்கொள்ளலாம். ஆபரேஷன் தேவைப்படலாம். பிறந்த உடனே பிள்ளையின் சர்க்கரை திடீர் என்று இறங்கிவிடலாம். மூச்சுத் திணறலும் மஞ்சள் காமாலையும் வரலாம். தாய்க்கு ரத்தக் கொதிப்பு வரலாம். சில வேளை பிள்ளை வயிற்றிலேயே இறந்துவிடுவதும் உண்டு.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் இந்த ஆபத்துகள் பெரிதும் குறைகின்றன. கட்டுக்குள் வைத்த எத்தனையோ பெண்கள் நல்ல பிள்ளை பெற்று வீடு திரும்புகிறார்கள்.

ஒரு டம்ளர் தண்ணீர், இரண்டு மணி நேரம்

முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். இந்த நோய்க்குப் பெரும்பாலும் வெளி அடையாளம் கிடையாது.

75 கிராம் குளுக்கோசைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 100 மில்லி ரத்தத்தில் 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் சர்க்கரை இருந்தால், கர்ப்ப கால நீரிழிவு என்று அர்த்தம். அரசு ஆஸ்பத்திரிகளில் செய்யும் இந்தச் சோதனைக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டியது இல்லை. பஸ் பிடித்து வரும் கிராமத்துப் பெண்ணுக்கு இது பெரிய உதவி.

கர்ப்பம் என்று தெரிந்து முதல் முறை போகும்போதே இந்தச் சோதனை வேண்டும். அப்போது சரியாக இருந்தாலும், 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் வேண்டும். "போன தடவை ஒன்றும் இல்லை என்றார்களே" என்று இரண்டாவது சோதனையை விட்டுவிடக் கூடாது. ஆறாம் மாதத்துக்குப் பிறகுதான் பலருக்குச் சர்க்கரை ஏறுகிறது.

எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை வேண்டும் என்று 2007-ல் தமிழ்நாடு அரசு உத்தரவு போட்டது. இந்தியாவில் இதை முதலில் செய்தது தமிழ்நாடுதான். இதற்காகப் பாடுபட்டவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. அவர் பிறந்த நாளான மார்ச் 10, கர்ப்ப கால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அரசு தன் வேலையைத் தொடங்கிவிட்டது. வீடு தன் வேலையைச் செய்ய வேண்டாமா?

"இரண்டு உயிருக்குச் சாப்பிடு!"

இந்தச் சொல் அன்பில் பிறந்தது. ஆனால் கணக்கு சரி இல்லை.

முதல் மூன்று மாதத்தில் கூடுதல் சாப்பாடு ஏறக்குறைய தேவையே இல்லை. பிறகு, நாள் முழுவதற்கும் சேர்த்துச் சுமார் 350 கலோரி அதிகம் வேண்டும். ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை, ஒரு கைப்பிடி சுண்டல். அவ்வளவுதான்! இரண்டு பேர் சோறு அல்ல.

தட்டில் பாதி, காயும் கீரையும் இருக்கட்டும். கால் பங்கு சோறு. மீதிக் கால் பங்கு பருப்பு, முட்டை, மீன், சுண்டல் இவற்றில் ஏதாவது.

மூன்று வேளையும் வயிறு முட்டச் சாப்பிடாமல், பிரித்துச் சாப்பிட வேண்டும். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு மூன்று முறை கொஞ்சம் சுண்டலோ, மோரோ, ஒரு கொய்யாப் பழமோ. அரிசியானாலும் கேழ்வரகானாலும் கஞ்சியாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை சீக்கிரம் ஏறும். பழச்சாறும் அப்படியே. பழத்தைக் கடித்துத் தின்பது நல்லது.

"சீனிதானே கூடாது? வெல்லம் போடலாம், கருப்பட்டி போடலாம், தேன் விடலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். ரத்தத்துக்கு அந்த வேற்றுமை பெரிதாகத் தெரியாது. எல்லாம் சர்க்கரைதான். அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவிலும் வெல்லம் உண்டு. எவ்வளவு சாப்பிடலாம் என்று நர்ஸைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசிப் பந்தி வேண்டாம்

"ஏழை வீட்டில் இதெல்லாம் நடக்குமா?" என்று கேட்பீர்கள்.

நியாயமான கேள்விதான். ரேஷன் அரிசிக்குக் காசு வேண்டாம். காய்கறிக்கு வேண்டும். ஆகவே ஏழை வீட்டில் சோறு தாராளமாக இருக்கும். பொரியல் ஒரு கரண்டிதான் இருக்கும்.

அந்த ஒரு கரண்டி யாருக்குப் போக வேண்டும்?

செலவு செய்ய முடியாத வீட்டிலும் வரிசையை மாற்றலாம். இதற்குக் காசு வேண்டாம். மனசு வேண்டும்.

வயிற்றில் பிள்ளையைச் சுமப்பவள் முதலில் சாப்பிடட்டும். சூடாக இருக்கும்போதே சாப்பிடட்டும். பொரியலும் முட்டையும் அவள் தட்டுக்கு முதலில் போகட்டும். கொல்லையில் முருங்கை மரம் இருந்தால் கீரைக்கு விலை இல்லை. கொண்டைக்கடலை ஒரு பிடி ஊறப் போட்டால் மறுநாள் சுண்டல் தயார்.

மாமியார்களே! "நாங்கள் எல்லாம் கடைசியில்தானே சாப்பிட்டோம்" என்று சொல்லாதீர்கள். நீங்கள் பட்ட கஷ்டத்தை அவளும் பட வேண்டுமா? "வா அம்மா, நீ முதலில் உட்கார்" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையை அவளே சொல்லிக்கொள்ள முடியாது. நீங்கள்தான் சொல்ல முடியும்.

கணவன்மார்களே! உங்களுக்கும் வேலை உண்டு. சாப்பிட்ட பிறகு அவளோடு கொஞ்ச தூரம் நடங்கள். டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை, நாளுக்கு அரை மணி நேர நடை நல்லது. அவள் முன்னால் ஜிலேபிப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். அவள் சாப்பிடும் சாப்பாட்டையே நீங்களும் சாப்பிடுங்கள். அது உங்களுக்கும் நல்ல சாப்பாடுதான்.

பட்டினியும் தப்பு

சில பெண்கள் பயந்துபோய்ச் சாப்பாட்டையே விட்டுவிடுகிறார்கள். நாளைக்கு டெஸ்ட் என்றால் இன்று ராத்திரி பட்டினி!

இது ஆபத்து. பிள்ளை வளரச் சத்து வேண்டும். மேலும், ஒரு நாள் பட்டினி கிடந்து எடுத்த கணக்கு டாக்டரை ஏமாற்றும். அவர் சரியான மருந்து கொடுக்க முடியாமல் போகும். வீட்டார் திட்டுவார்கள் என்ற பயம்தான் பல பெண்களை இப்படிச் செய்ய வைக்கிறது. திட்டுவதை நிறுத்தினால் உண்மை வெளியே வரும்.

வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 120-க்குள் இருக்க வேண்டும் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. சாப்பாட்டை மாற்றி இரண்டு வாரம் பார்ப்பார்கள். இறங்காவிட்டால் மருந்து கொடுப்பார்கள்.

ஊசிக்குப் பயமா?

"இன்சுலின் ஊசி போட்டால் ஆயுள் முழுவதும் போட வேண்டும்" என்று ஒரு வதந்தி உண்டு. இது உண்மை அல்ல. கர்ப்ப காலத்தில் மட்டும் சர்க்கரை ஏறிய பெண்களில் பெரும்பாலோருக்கு, பிள்ளை பிறந்ததும் ஊசி தேவைப்படுவது இல்லை.

"ஊசி மருந்து பிள்ளையைக் கெடுக்கும்" என்பதும் உண்மை அல்ல. இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போவது இல்லை. பிள்ளையைக் கெடுப்பது ஊசி அல்ல. ஏறி நிற்கும் சர்க்கரைதான்.

இன்சுலின் 1921-ல் கனடாவில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன், நீரிழிவு உள்ள பெண் கர்ப்பமானால் தாயும் பிள்ளையும் பிழைப்பதே அரிது. அந்த மருந்து இன்று ஊர் ஆஸ்பத்திரியில் கிடைக்கும்போது வேண்டாம் என்று சொல்லலாமா?

ஒரு எச்சரிக்கை. ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருக்கக் கூடாது. கை நடுங்கினால், வேர்த்துக் கொட்டினால், தலை சுற்றினால், சர்க்கரை இறங்கிவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். உடனே மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பிறகு ஏதாவது சாப்பிடச் செய்யுங்கள். தெளியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வளைகாப்பு நடக்கட்டும்

வளைகாப்பை நிறுத்தச் சொல்லவில்லை. வளையல் பூட்டுங்கள். சந்தனம் பூசுங்கள். பாட்டுப் பாடுங்கள். ஐந்து வகைச் சோறும் செய்யுங்கள்.

வந்தவர்கள் நன்றாகச் சாப்பிடட்டும். அவளுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு வாய் போதும். "ஆசைக்கு இன்னும் ஒன்று" என்று ஆளுக்கு ஒரு லட்டை அவள் வாயில் திணிக்காதீர்கள். பத்துப் பேர் ஊட்டினால் பத்து லட்டு ஆகிவிடும்.

பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அனுப்பும்போது, சீரோடு சேர்த்து ஆஸ்பத்திரிச் சீட்டையும் கொடுத்து அனுப்புங்கள். பெண்ணைப் பெற்றவளிடம் விவரத்தைச் சொல்லுங்கள். "மாமியார் வீட்டில் பட்டினி போட்டு விட்டார்கள்" என்று நினைத்து, அங்கே அவர்கள் நெய்யும் சர்க்கரையுமாக ஊட்டிவிடப் போகிறார்கள்!

பிள்ளை பிறந்த பிறகு

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். பிள்ளையின் சர்க்கரை இறங்காமல் அது காக்கும்.

சர்க்கரை இறங்கிவிட்டது என்று எல்லோரும் மறந்துவிடும் நேரம் இது. மறக்கக் கூடாது. கர்ப்பத்தில் சர்க்கரை இருந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு, மற்றப் பெண்களைவிட ஏழு மடங்கு அதிகம் என்று 2009-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு சொல்கிறது.

பிள்ளைக்கு ஒன்றரை மாதத்தில் தடுப்பூசி போடப் போவீர்கள் அல்லவா? அன்றைக்கே தாய்க்கும் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். பிறகு வருஷத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதும் முதலில் பார்க்க வேண்டும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். பேரப்பிள்ளை வேண்டும் என்று கோயில் கோயிலாகப் போகிறோம். அந்தப் பிள்ளையைச் சுமக்கிறவளைக் கடைசிப் பந்தியில் உட்கார வைக்கிறோம்.

நாளை மதியம் சமையல் முடிந்ததும் முதல் இலையைப் போடுங்கள். அதில் கீரையை முதலில் வையுங்கள். அவளைக் கூப்பிடுங்கள்.