திருப்பயணியின் காலணி



காவிரி பாயும் நமது நாட்டில் மலையும் இல்லை, பாறையும் இல்லை. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் கூட வெளியூர்க் கல்லையே நம்பி வாழ்ந்த மண் இது. திருவாரூர்ப் பக்கத்தில் பிறந்தவரின் கால் வரப்பையும் சேற்றையும் நன்கு அறியும். வயலில் இறங்குகிறவர் செருப்பைக் கரையிலே கழற்றி வைப்பார். விரல்களைப் பரப்பிச் சேற்றில் ஊன்றி நிற்பதே அவருக்குப் பாதுகாப்பு. ஆதலால் செருப்பென்பது கடைத்தெருவுக்கும் கலியாண வீட்டுக்கும் மட்டுமே உரியது என்று நம்மில் பலர் எண்ணிவிட்டோம்.

ஆனால் நமது கால்கள் இப்போது வரப்போடு நிற்பதில்லை. தவக்காலம் வந்துவிட்டால், கேரளத்தில் காலடிக்கு அருகே பெரியாற்றங்கரையிலுள்ள மலையாற்றூருக்குப் பேருந்து அமர்த்திக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் புறப்படுகிறோம். புனித தோமையார் செபித்த இடமென்று மரபு போற்றும் அம்மலை, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரமுள்ளது. சிலுவைப் பாதையின் 14 நிலைகளையும் தியானித்தவாறு ஏற வேண்டிய வழி முழுவதும் கல்லும் பாறையும் மர வேருமாக இருக்கிறது. ஆகஸ்ட் மாதம் பிறந்தாலோ வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம். திருவாரூரிலிருந்து கீழ்வேளூர், நாகப்பட்டினம் வழியாக ஏறத்தாழ 36 கிலோமீட்டர் தார்ச்சாலை. அதைவிடப் பன்மடங்கு தொலைவிலிருந்து நடந்து வருவோரும் உண்டு.

இவ்விரு பயணங்களுக்கும் முன்னதாக, பங்குத் தந்தையை நாடி வருவோர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: “சாமி, வெறுங்காலோடு வருவதாக நேர்ந்துகொண்டேன். இப்போது சர்க்கரை நோய் இருக்கிறது. செருப்புப் போடாமல் நடக்கவே கூடாது என்கிறார் டாக்டர். செருப்போடு போனால் மாதா ஏற்றுக்கொள்வார்களா?”

இக்கேள்வியை அற்பமாக எண்ணலாகாது. ஒருபுறம் ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கு; மறுபுறம் ஆண்டவர் கொடுத்த கால்.

முதலில் திருநூலை நோக்குவோம். எரியும் முட்செடியருகே மோசே தம் மிதியடியைக் கழற்றும்படி கட்டளை பெற்றார். ஆனால் அக்கட்டளை அவர் நின்ற தூய இடத்திற்கே உரியது. ஆடு மேய்த்துக்கொண்டு அவர் கடந்து வந்த பாலை வழி முழுமைக்கும் அன்று. நம் ஆண்டவர் பன்னிருவரை அனுப்பும்போது உணவும் பையும் பணமும் வேண்டாமென்று சொன்னவர், மிதியடி அணிந்துகொள்ளச் சொன்னார் என்று மாற்கு எழுதுகிறார். சிறையிலிருந்து பேதுருவை விடுவிக்க வந்த வானதூதர், அவர் மிதியடியைப் போட்டுக்கொள்ளும் வரை காத்திருந்தார். திரும்பி வந்த இளைய மகனுக்குத் தந்தை அணிவித்தவற்றுள் மிதியடியும் ஒன்று. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, தோல் செருப்பை விடுத்து மரத்தாலான பாதக்குறட்டை அணிந்தாரேயன்றி, தம் பாதங்களைக் காக்காமல் விடவில்லை.

அடுத்து, நேர்ச்சையைப் பற்றித் திருச்சபை கூறுவதென்ன? இயலக்கூடியதும் மேலானதுமான ஒரு நன்மையைக் குறித்து, அறிந்தும் மனமுவந்தும் இறைவனுக்குக் கொடுக்கும் வாக்குறுதியே நேர்ச்சை என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1191-ஆம் எண்ணில் விளக்குகிறது. காலையே இழக்கச் செய்யும் செயல் மேலான நன்மையாவது எங்ஙனம்? அதே தொகுப்பின் 1196-ஆம் சட்டம், தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து நியாயமான காரணத்திற்காக விலக்களிக்கும் அதிகாரத்தைப் பங்குத் தந்தைக்கும் தருகிறது. 1197-ஆம் சட்டத்தின்படி, நேர்ந்துகொண்டவரே அதனை ஈடான அல்லது மேலான வேறொரு நற்செயலாக மாற்றிக்கொள்ளலாம். எனவே அஞ்ச வேண்டாம். உங்கள் பங்குத் தந்தையிடம் மனம் திறந்து பேசுங்கள். நடக்கும் வழியெல்லாம் செபமாலை சொல்லலாம். ஓர் ஏழை நோயாளிக்கு மருந்து வாங்கித் தரலாம். உடல்நலமுள்ளவர் தவமுயற்சியாக வெறுங்காலோடு நடப்பதை யாரும் பழிக்க வேண்டாம். அவ்வாறு நடக்க இயலாதவரை அவர்களும் பழிக்க வேண்டாம்.

இனி, எத்தகைய காலணியைத் தேர்ந்தெடுப்பது?

விரலிடுக்கில் வார் மாட்டும் ரப்பர் செருப்பு வீட்டு முற்றத்திற்கு நல்லது, பாறைக்கு உதவாது. குதிகால் கட்டுண்டு நிற்காமையால் இறங்கும்போது கால் முன்னே சறுக்கும். நடுவழியில் வாரும் பிய்ந்துபோகும். பாறை வழிக்கு, விரல்நுனியை மூடிக் குதிகாலை இறுகப் பற்றும் காலணி வேண்டும். அடிப்பாகம் தடித்த ரப்பராகவும், ஆழமான பள்ளவரிகள் உடையதாகவும் இருக்கட்டும். கடையிலே அதை இரு கைகளாலும் வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் மடிந்தாலும் துணிபோல் முறுக்கிக்கொண்டாலும் கூர்ங்கல் பாதத்தை வருத்தும்.

மாலை வேளையில் வாங்குங்கள். பகலெல்லாம் நடந்து சற்று வீங்கிய கால்தான் மலையேறப்போகும் கால். இரு பாதங்களும் ஒரே அளவாய் இருப்பது அரிது. பெரிய பாதத்திற்கே அளவு பாருங்கள். பெருவிரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். இல்லையேல் மலையிறங்கும்போது நகம் இடிபட்டுக் கருகிப்போகும். திருநாளுக்கென்று வாங்கிய புதுக் காலணியை முதன்முதலாகப் பயணத்தன்று அணிவது பெரும் பிழை. இரண்டு வாரமாவது நாள்தோறும் அணிந்து நடந்து பழக்குங்கள். பருத்திக் காலுறை வியர்வையில் நனைந்து தோலை உரசும். கம்பளியோ நைலானோ கலந்தது மேல். ஓரிடம் காந்தத் தொடங்கிய உடனே நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள். கொப்புளம் கிளம்பிய பின் வருந்துவதில் பயனில்லை. ஈரப்பாசி படர்ந்த பாறையை எந்தக் காலணியும் பற்றாது. அங்கே சுற்றிப் போவதே அறிவுடைமை.

சர்க்கரை நோயுள்ளோருக்கு ஒரு சொல். இந்நோய் நாளடைவில் பாதத்தின் உணர்ச்சியைக் கெடுக்கிறது. முள் தைத்ததும் தெரியாது. தார் சுட்டதும் தெரியாது. தெரியாத சிறு புண்ணே அழுகிப் பெரும் புண்ணாகி, காலை எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோய் விடுகிறது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரிடையே பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டு, அவர்களது கைகால்கள் சிதைவதற்கு வலியுணர்வை இழந்தமையே பெருங்காரணம் என்று கண்டறிந்தார். நுண்துளை ரப்பரில் மிருதுவான செருப்புகள் அவர்களுக்காகச் செய்யப்பட்டன. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று சர்க்கரை நோயாளருக்கு மருத்துவர்கள் சொல்வது அத்தகையதே. வலியும் இறைவன் தந்த காவல் என்பதை அதை இழந்தவரே அறிவர்.

ஆகவே இந்நோயுள்ளோர் பயணத்திற்கு முன் பாதத்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மலையேறலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். காலணியை அணியுமுன் உள்ளே கைவிட்டுக் கல் கிடக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இரவு தங்குமிடத்தில் இரு பாதங்களையும் விரலிடுக்கு உட்பட யாரையேனும் பார்க்கச் சொல்லுங்கள். மகனோ மருமகளோ அம்மாவின் பாதத்தைக் கையிலேந்திப் பார்க்கும் அந்நேரம், பெரிய வியாழனன்று நம் ஆண்டவர் சீடரின் பாதங்களைக் கழுவியதை நினைத்துக்கொள்ளட்டும்.

வேளாங்கண்ணியில் மாதா குளத்திற்குச் செல்லும் மணற்பாதை உண்டு. பக்தர்கள் அதில் முழந்தாளிட்டுச் செல்வதைக் கண்டிருப்பீர்கள். மருத்துவர் தடுக்காதவர்கள் வழியெல்லாம் காலணியோடு வந்து, வெயில் ஏறுமுன் அம்மணலில் அதைக் கழற்றி வைத்து நடக்கலாம். மோசே கழற்றியதும் அவ்வாறே, தூய இடத்தில்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். திருநாளுக்குப் புத்தாடை எடுக்கும் குடும்பங்கள் ஒவ்வோர் அன்பியத்திலும் சேர்ந்து, நல்ல காலணி வாங்க வசதியற்ற ஒரு திருப்பயணிக்கு ஒரு சோடி வாங்கித் தாருங்கள். அவர் அளவு கேட்டு, அவரையும் கடைக்கு அழைத்துச் சென்று வாங்குங்கள். அவர் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் உங்களுக்கும் பங்கு உண்டு.

மரியே வாழ்க!