மூலதனம் மைசூர் வரை வருமா?

நம் குடும்பங்களில் பிள்ளை பொறியியல் முடித்ததும் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கம்பெனியில் வேலை?" என்பதுதான். "என்ன தொழில் தொடங்கப் போகிறாய்?" என்று கேட்பவர் அபூர்வம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. மாதச் சம்பளத்தை நம்பி ஊர் விட்டு வந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அதற்கு மைசூர் கொடுத்துவரும் விலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாராயண மூர்த்தி இங்குள்ள என்.ஐ.இ. கல்லூரியில் 1967-ல் பட்டம் பெற்றவர். நண்பர்களோடு அவர் 1981-ல் இன்ஃபோசிஸைத் தொடங்கியது புணேயில். 1983-ல் அது பெங்களூருக்குக் குடிபோயிற்று. மைசூருக்கு அது வந்தது வெகுநாள் கழித்து, பிரம்மாண்டமான பயிற்சி மையமாக. படித்துக் கொடுத்து அனுப்பும் ஊராகவே நாம் இருந்து வருகிறோம்.

பணம் பெங்களூரில் இருக்கிறது என்பது உண்மைதான். ஐ.சி.ஐ.சி.ஐ.யும் யூனிட் டிரஸ்டும் சேர்ந்து 1988-ல் அமைத்த டி.டி.ஐ.சி.ஐ. என்ற துணிகர மூலதன நிறுவனத்தின் தலைமையிடமே அப்போது அங்குதான் இருந்தது. துணிகர மூலதனம் என்பது கடன் அல்ல. பணம் போடுபவர் கம்பெனியில் பங்கு எடுத்துக்கொள்கிறார். பத்தில் பல மூழ்கினாலும் ஒன்றிரண்டு பெரிதாக வளர்ந்து ஈடுகட்டும் என்பது அவர் கணக்கு. போட்ட பணத்தை அடிக்கடி நேரில் வந்து பார்க்க விரும்புவார். அதனால் பக்கத்து ஊரையே நாடுவார். 2023-ல் திறந்த விரைவுச்சாலை தூரத்தைக் குறைத்தது. அது இங்கிருந்து போகிறவர்களுக்கும் சௌகரியமாகிவிட்டது!

ஆனால் பணம் மட்டுமே காரணம் என்றால் அமெரிக்காவில் பாஸ்டன் அல்லவா வென்றிருக்க வேண்டும்? 1946-லேயே அங்கே துணிகர மூலதன நிறுவனம் இருந்தது. 1957-ல் டிஜிட்டல் எக்விப்மெண்ட் என்ற கம்ப்யூட்டர் கம்பெனிக்கு அது 70,000 டாலர் போட்டுப் பெரும் லாபம் கண்டது. அப்படியும் கலிபோர்னியா முந்திவிட்டது. ஏன் என்று ஆராய்ந்து அன்னாலீ சாக்ஸீனியன் 1994-ல் ஒரு நூலே எழுதினார். பாஸ்டனில் ஒரே கம்பெனியில் நிலைத்திருப்பதே மரியாதை. கலிபோர்னியாவிலோ விலகிப் போய்ப் புதிதாகத் தொடங்குவதும், தோற்றவர் மறுபடி வேலைக்குத் திரும்புவதும் சகஜம். விலகியவர் போட்டித் தொழில் தொடங்கக் கூடாது என்ற ஒப்பந்தம் அங்கே செல்லாது. நம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. ஆகவே தடை சட்டத்தில் இல்லை, நம் கூடத்தில் இருக்கிறது.

சென்னையைப் பாருங்கள். ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ வெளியார் மூலதனம் வாங்காமலே வளர்ந்து தென்காசிப் பக்கம் வரை போயிற்று. அங்கே வேலை பார்த்த கிரீஷ் மாத்ருபூதம் 2010-ல் விலகித் தனிக் கம்பெனி தொடங்கினார். துணிகர மூலதனம் பெற்று 2021-ல் அதை அமெரிக்கப் பங்குச் சந்தைக்கே கொண்டுபோனார். நம் ஊரிலும் 1948-ல் ரங்கா ராவ் தொடங்கிய ஊதுபத்தித் தொழில் உலகெங்கும் மணக்கிறது. 2000-ல் இங்கே பிறந்த எக்ஸெல்சாஃப்ட் ஊரை விட்டுப் போகாமலே 2025-ல் பங்குச் சந்தைக்கு வந்தது.

பெற்றோர் வீட்டை அடகு வைக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அது கூடவே கூடாது. பிள்ளைக்கோ பெண்ணுக்கோ இரண்டு வருஷம் சோறும் அறையும் கொடுத்து, "எப்போது சம்பாதிப்பாய்?" என்று உறவினர் முன் கேட்காமல் இருந்தால் போதும். இன்ஃபோசிஸுக்கே முதல் பணம் சுதா மூர்த்தி சேமித்து வைத்திருந்த 10,000 ரூபாய்தானே.

சங்கத்தில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரிகளும் ஆடிட்டர்களும் இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு மாலை இளைஞர்களின் கணக்கையும் திட்டத்தையும் பார்த்துச் சொல்ல அவர்கள் முன்வரலாம். தொழிலில் நஷ்டப்பட்டு மீண்ட ஒருவரை ஆண்டு விழாவில் பேச அழைப்பதையும் செயற்குழு யோசிக்க வேண்டும்.